வீட்டுத் தொட்டியில் அல்லி: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து: எங்கள் ஊர்க் குளத்து அல்லியை வீட்டில் வளர்க்கலாமா அக்கா? தாமரையை எடுத்துவிடுவேனோ என்று சந்தேகம்.

தாராளமாக வளர்க்கலாம் தம்பி. இலையைப் பாருங்கள். அல்லி இலை தண்ணீரில் படிந்து கிடக்கும், காம்பு வரைக்கும் ஒரு பிளவு ஓடும். தாமரையில் பிளவு கிடையாது, இலை தண்ணீருக்கு மேலேயும் எழுந்து நிற்கும். மேலிருந்து இழுத்தால் தண்டுதான் அறுந்து வரும், அது முளைக்காது. சேற்றுக்குள் கைவிட்டுக் கிழங்கோடு எடுங்கள். ஒன்று போதும், மற்றது குளத்துக்கே இருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து: மாடியில் 2 அடி ஆழ சிமெண்ட் தொட்டி இருக்கிறது. என்ன மண்?

வயல் களிமண். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் வேண்டாம், நார் மிதந்து தண்ணீர் கறுத்துவிடும். அடியில் நன்றாக மக்கிய சாணம் ஒரு கைப்பிடி, மேலே அரையடி களிமண், கிழங்கின் குருத்து வெளியே தெரிய வேண்டும். முதலில் நாலு விரல் தண்ணீர் விட்டு, இலை ஏற ஏறக் கூட்டுங்கள். வெயில் 5, 6 மணி நேரமாவது விழணும்.

பூ பகலில் மூடியே இருக்கிறதே?

வெள்ளை அல்லி அப்படித்தான். இருட்டும்போது விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இதுதான் பூ! பகலில் பார்க்கணும் என்றால் நீலப் பூ வையுங்கள். சில நாளில் பூ தண்ணீருக்குள் இறங்கும். அழுகியது என்று வெட்டாதீர்கள், காய் அடியில்தான் பழுக்கும்.

கொசு?

வாய்க்காலில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேலாக நீந்தும் சின்ன மீன் உண்டே, அதில் நாலைந்து விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். கெண்டை வேண்டாம், மண்ணைக் கிளறும்.

திருவாரூரிலிருந்து: சித்திரையில் எல்லா இலையும் போய்விட்டது. தொட்டியைக் காலி செய்யலாமா?

ஐயோ, வேண்டாம்! நம் குளங்கள் கோடையில் வற்றும்போது அல்லிக் கிழங்கு சேற்றுக்குள் உறங்கும், மேட்டூர் திறந்து (வழக்கமாக ஜூன் 12) குளத்துக்குத் தண்ணீர் வந்ததும் தளிர் விடும். இது தெரியாமல் முதல் வருஷம் என் தொட்டியைக் கொல்லைக் குழியில் கொட்டிவிட்டேன், ஐப்பசி மழையில் குழி நிறைந்தபோது அங்கே செம்பழுப்பாக இரண்டு இலை மிதந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விரலால் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கறுப்பாக, அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழத்தால் போயிற்று. மாடித் தொட்டி சீக்கிரம் சுடும் என்பதால் மண்மேல் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். ஆனியில் தண்ணீர் விடலாம்.