ழான் மோரோவைப் பற்றிக் கேளுங்கள்

பிரெஞ்சு நடிகை ழான் மோரோவைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், அவர் சினிமாக் குடும்பத்தில் பிறந்தவரா?

இல்லை. 1928 ஜனவரி 23-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா உணவகம் நடத்தியவர். அம்மா இங்கிலாந்துக்காரர், பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆட வந்த நடனக் கலைஞர். ஜெர்மன் ராணுவம் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில்தான் மோரோவின் பதின்ம வயது கழிந்தது. அப்போது அனூய் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தைப் பார்த்துவிட்டு, இனி மேடைதான் என்று முடிவெடுத்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனால் மகள் கேட்கவில்லை. பாரிஸ் கன்சர்வேட்டரியில் படித்து, 1947-ல் கொமெடி ஃப்ரான்சேஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார். பிரான்ஸில் ஒரு நடிகருக்கு அதைவிடப் பெரிய வாசல் கிடையாது. சில வருடங்களில் அதையும் விட்டு ழான் விலாரின் நாடகக் குழுவுக்குப் போய்விட்டார். நிலையான இடம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் குணம் அவரிடம் கடைசி வரை இல்லை.

முகம் கேமராவுக்கு ஒத்துவராது என்று அவரை ஒதுக்கினார்களாமே, உண்மையா?

முழுதாக ஒதுக்கவில்லை. 1949-லிருந்து படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, 1954-ல் பெரிய நட்சத்திரமான ழான் காபினோடுகூட நடித்திருக்கிறார். ஆனால் அந்தப் படங்களில் முகத்தில் மேக்கப்பை அப்பி, விளக்குகளை அள்ளிக் கொட்டி, அவரை வேறொரு பெண்ணாக்கத்தான் பார்த்தார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கீழ் நோக்கி வளைந்த உதடு, இரண்டையுமே குறை என்று நினைத்தார்கள்.

அதை உடைத்தவர் இயக்குநர் லூயி மால். மேடையில் மோரோவைப் பார்த்து அசந்துபோன அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' (1958) படத்தில் காதலன் வராமல் போக, இரவு முழுக்க அவனைத் தேடி ஷான்செலிசே தெருவில் அந்தப் பெண் அலைகிறாள். மேக்கப் கிடையாது, சினிமா விளக்கு கிடையாது. கடைக் கண்ணாடிகளிலிருந்து தெருவில் விழும் வெளிச்சம்தான். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காய் குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் வேகமான ஃபிலிமைப் போட்டு, கேமராவைக் குழந்தைகளைத் தள்ளிப்போகும் வண்டியில் வைத்து எடுத்தார். கழுவி வந்த ஃபிலிமைப் பார்த்த லேப் ஆட்கள், இப்படியா ஒரு நடிகையைக் காட்டுவது என்று தயாரிப்பாளரிடமே போய் முறையிட்டார்கள். இன்றைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள், கடைவெளிச்சம் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க நம்பிக்கை, கோபம், பயம் எல்லாம் அந்த முகத்தில் வந்து வந்து போகும். வசனம் தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் மோரோ நடிகையானது அந்தத் தெருவில்தான்.

அந்தப் படத்தின் இசை ஒரே ராத்திரியில் போட்டதா?

ஆமாம், 1957 டிசம்பரில். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் ஒரு ஸ்டுடியோவில் படத்தின் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே நான்கு இசைக்கலைஞர்களோடு வாசித்தார். மோரோவின் நடையும் அந்த டிரம்பெட்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவருடைய ஒரு படத்துக்காக அமெரிக்காவில் கேஸ் நடந்தது என்று படித்தேன், என்ன படம்?

'காதலர்கள்' (1958), இதுவும் லூயி மால் படம்தான். வசதியான, அலுத்துப்போன ஒரு மனைவி ஒரே இரவில் புதுக் காதலில் விழுந்து, விடிந்ததும் கணவன், மகள் எல்லாரையும் விட்டுப் போகிறாள். படம் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது, கூடவே பெரிய சர்ச்சையும் கிளம்பியது. இதைத் திரையிட்டதற்காக ஓஹியோ மாநிலத்தில் ஒரு தியேட்டர் மேலாளருக்கு 2,500 டாலர் அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-ல் படம் ஆபாசமில்லை என்று தீர்ப்பானது. அவர்களை உறுத்தியது உடல் மட்டும் இல்லை என்பது என் கருத்து. மோரோவின் முகத்தில் குற்ற உணர்வுக்கான தடயமே இல்லை. அழுது தண்டனை அனுபவித்திருந்தால் பாதிப் பேர் மன்னித்திருப்பார்கள்.

'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' பார்த்தேன் அண்ணா. கேத்தரின் தன்னலக்காரியாகத்தான் தெரிந்தாள். ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

தம்பி, நீங்கள் சொல்வது தப்பே இல்லை, மோரோ நடித்த அந்தக் கேத்தரின் அப்படித்தான். இரண்டு நண்பர்களையும் படுத்தி எடுக்கிறாள். ஆனால் இயக்குநர் த்ரூஃபோவும் மோரோவும் அவளை நல்லவளாகக் காட்ட முயற்சியே செய்யவில்லை, அதைக் கவனியுங்கள். தொப்பியும் வரைந்த மீசையுமாக ஆண் வேடத்தில் பாலத்தின் மேல் ஓட்டப்பந்தயம் வரும் இல்லையா, எண்ணி முடிக்கும் முன்பே அவள் ஓடத் தொடங்கிவிடுவாள். ஏமாற்றுதான், ஆனால் அந்த மூச்சிரைப்பையும் சிரிப்பையும் பார்த்தால் அந்த இரண்டு பேர் ஏன் விலக முடியாமல் தவிக்கிறார்கள் என்று புரிந்துவிடும். அப்புறம் அந்தச் சுழல்காற்றுப் பாட்டு. பாடும்போது மோரோ வரிகளை முன்பின்னாக மாற்றிவிட்டு, அடடா என்பதுபோல் கையால் ஒரு சைகை செய்வார். த்ரூஃபோ அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். இன்னொரு முறை பாருங்கள், பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

மோரோவா, பிரிஜித் பார்தோவா?

1965-ல் இருவரும் 'விவா மரியா' படத்தில் சேர்ந்தே நடித்திருக்கிறார்கள், அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது மோரோவுக்குக் கிடைத்தது. போட்டி வைக்க வேண்டாம், இருவரும் வேறு வேறு வகை.

நான் நடிப்புப் பயிற்சி எடுக்கிறேன். மோரோவிடம் எதைக் கவனித்துப் படிக்கலாம்?

நடையை. இயக்குநர் புனுவல் தன் நினைவுக் குறிப்புகளிலேயே அதை எழுதியிருக்கிறார்: ஹை ஹீல்ஸில் நடக்கும்போது மோரோவின் பாதம் மிக லேசாக நடுங்கும், அதில் ஒரு பதற்றம் தெரியும் என்று. அவருடைய 'ஒரு பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' (1964) படத்தில் பணிப்பெண் செலஸ்தீனாக மோரோ அந்தப் பணக்கார வீட்டுக்குள் நடப்பதையும், அன்டோனியோனியின் 'லா நோட்டே' (1961) படத்தில் மிலான் நகரத் தெருக்களில் தனியே அலைவதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே ஆள்தான், ஆனால் முதுகுத்தண்டு வேறு, வேகம் வேறு. லா நோட்டேயில் உதிரும் சுவரைத் தொட்டுப் பார்க்கும் இடத்தில், கணவனிடம் சொல்ல முடியாததெல்லாம் அந்தக் கையில் இருக்கும்.

சொந்த வாழ்க்கை?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1949-ல் ழான் லூயி ரிஷாரை மணந்தார், ஒரு மகன். பிரிந்த பிறகும் சேர்ந்து வேலை செய்தார்கள், 1964-ல் 'மாதா ஹரி' படத்தில் மோரோவை இயக்கியவர் அவரே. பின்னால், 'எக்ஸார்சிஸ்ட்' படத்தை இயக்கிய வில்லியம் ஃப்ரீட்கினோடு 1977-லிருந்து இரண்டு வருடத் திருமண வாழ்க்கை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. 1971-ல், பிரான்ஸில் கருக்கலைப்பு சட்ட விரோதமாக இருந்தபோது, நாங்கள் அதைச் செய்துகொண்டவர்கள்தான் என்று 343 பெண்கள் பகிரங்கமாகக் கையெழுத்திட்டார்கள், அதில் மோரோவும் ஒருவர். வழக்கு வரும், பெயர் கெடும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து அது. 1975-ல் சட்டம் மாறியது.

அக்கா ஒருவர்: அவர் படம் இயக்கியதே தெரியாது, நன்றாக இருக்குமா?

இருக்கும் அக்கா. 'லூமியேர்' (1976) நடிகைகளின் நட்பைப் பற்றியது. எனக்கு அதைவிட 'பதின்வயதுப் பெண்' (1979) பிடிக்கும். 1939-ல் போர் வெடிக்கப்போகும் கோடையில், பாட்டி வீட்டுக்கு வரும் சிறுமியின் கதை. பாட்டியாக வருவது சிமோன் சின்யோரே, அவருக்காகவே பார்க்கலாம்.

வயதான பிறகு ஒதுங்கிவிட்டாரா?

எங்கே ஒதுங்கினார்! அறுபதைத் தாண்டிய பிறகு 1992-ல்தான் பிரெஞ்சு சினிமாவின் சேசார் சிறந்த நடிகை விருதே வாங்கினார். 2000-ல் பிரான்ஸின் நுண்கலை அகாதெமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவர்தான். 2010-களிலும் படங்கள் வந்தன. 2017 ஜூலை 31-ல் பாரிஸ் வீட்டில் காலமானார், வயது 89.

கடைசியாக, எதிலிருந்து தொடங்குவது?

முதலில் 'தூக்குமேடைக்கு லிஃப்ட்', த்ரில்லர் என்பதால் சிரமமில்லாமல் போகும். அடுத்து ழாக் தெமியின் 'தேவதைகளின் வளைகுடா' (1963). அதில் மோரோ வெளுத்த பொன்னிறத் தலைமுடியோடு ரூலெட் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாத சூதாடி. அப்புறம் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்'. லா நோட்டேயை மட்டும் அவசரப்பட்டு முதலில் எடுக்காதீர்கள், மெதுவான படம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போட்டால் மோரோ மேல் தேவையில்லாமல் கோபம் வரும்.