ஊர்காவற்றுறையின் கதை கோட்டையில் தொடங்கவில்லை

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறேன். ஒரு நாளை ஊர்காவற்றுறைக்கு ஒதுக்கியிருக்கிறேன். கடற்கோட்டையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? போர்த்துக்கேயர் உருவாக்கிய ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது பாழடைந்த வீடுகள்தான் அதிகம் என்கிறார்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தச் சனம் ஏன் முன்னேறவில்லை?

ஒரு வாசகர், கொழும்பு

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவது பெரிய சந்தோசம். ஆனால் ‘போர்த்துக்கேயர் உருவாக்கிய ஊர்’ என்பதை வருவதற்கு முதலே திருத்திச் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை, தமிழில் வெட்டியது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஊராத்துறைதான் நம் ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். அதற்கு நானூறு வருசத்துக்கு மேல் முந்திய கணக்கு இது.

இதைப் பங்குக் கணக்கு என்று மட்டும் வாசித்துவிட்டுப் போகாதீர்கள். உடைந்த கப்பலின் சரக்கைப் பங்கு போடுவதற்கு முதல் யாரோ அதைக் கடலிலிருந்து எடுத்துக் கரை சேர்க்க வேண்டும். எங்கே கல், எங்கே சேறு, எப்போது நீர் வற்றும் என்று தெரிந்த கடற்தொழிலாளிகள் இந்தக் கரையில் இருந்திருக்க வேண்டும். அவர்களை நம்பித்தான் அரசன் அந்த ஆணையைப் போட்டிருப்பான். பிறகு போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானை ஏற்றியதும் இதே துறையில்தான். துறை இருந்தபடியால் கோட்டை வந்தது. கோட்டை வந்து துறை உண்டாகவில்லை.

என் அம்மாவின் அப்பு இந்த ஆழமில்லாத பரவைக்கடலில் களங்கண்டி வைத்தவர். தடி ஊன்றி வலை கட்டினால், நீரோட்டத்தோடு வருகிற மீனும் றாலும் உள்ளே போய் அடைபடும். எந்த இடத்தில் ஊன்றுவது என்பதில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கு ஒரு இடம், வடகிழக்கு வாடை தொடங்கினால் வேறு இடம். அப்புவுக்குக் கையெழுத்துப் போட வராது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்வார். நாங்கள் யாரும் பக்கத்தில் இருந்து அதை எழுதி வைக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

‘அந்தச் சனம் ஏன் முன்னேறவில்லை’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. 1990இல் இராணுவம் தீவகத்தை, ஊர்காவற்றுறையும் சேர்ந்த இந்தத் தீவுகளை, பிடித்தபோது வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் விட்டு ஓடிய சனம் அது. பாழடைந்த வீடுகளைப் பற்றிச் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லையா? திரும்பி வந்து கடன்பட்டு வலை வாங்கினால், இரவில் அக்கரையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, வருகிற இழுவைப்படகு அதை அறுத்துக்கொண்டு போகிறது. கடலடியை வழித்து இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தும் இந்த அழிவு நிற்கவில்லை. அக்கரையில் அந்தப் படகில் கூலிக்கு வருகிறவனும் ஏழைதான், தமிழன்தான். அதற்காகக் கடலின் அடியை வழித்துக்கொண்டு போவதை நான் சரியென்று சொல்ல மாட்டேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். காரைநகர்ப் பக்கத்தால் வந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து வாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கோட்டையைப் பின்னேரம் பார்க்கலாம். காலையில் துறைக்குப் போய், வலை பொத்துகிற ஐயா யாருக்காவது பக்கத்தில் பிள்ளைகளை இருத்தி, களங்கண்டிக்கு இடம் எப்படித் தெரிவது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை ஒன்றும் விடாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.