புலிக்காகச் சேர்ந்தேன், புழுக்கை எண்ணுகிறேன்

அன்புள்ள அண்ணா,

வனவிலங்கு உயிரியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே புலி என்றால் பைத்தியம். ஆனால் இங்கே பாதி நாள் புள்ளியியல், மீதி நாள் காட்டில் கயிறு பிடித்து மான் புழுக்கை எண்ணுவது. இதுவரை ஒரு புலியைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். தவறான படிப்புக்கு வந்துவிட்டேனா?

(பெயரும் கல்லூரியும் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தவறான படிப்பு இல்லை. நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த எண்ணுகிற வேலைதான் இந்தப் படிப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் காலடித் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, இது இன்ன புலி என்று ஆள் பார்த்துச் சொல்வதுதான் கணக்கெடுப்பு. ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன, காட்டில் கள்ள வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று முடித்துவிட்டார்கள், 2005-ல் பார்த்தால் ஒன்றுகூட மிச்சமில்லை. நாடு முழுக்க 3642 என்று சொல்லப்பட்டிருந்த எண்ணிக்கை, தானியங்கி கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த புது முறையில் 2006-க்கான கணக்கெடுப்பில் 1411 ஆனது. சரியாக எண்ணத் தெரிந்திருந்தால் சரிஸ்காவில் முன்கூட்டியே கூச்சல் போட்டிருக்கலாம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

உங்களைப் படுத்துகிற அந்தப் புள்ளியியலின் அடிப்படை ரொம்ப எளிது. முதல் சுற்றில் 20 புலிகள் கேமராவில் விழுகின்றன என்று வையுங்கள். அடுத்த சுற்றிலும் 20, அவற்றில் 5 ஏற்கெனவே பார்த்தவை. அப்படியென்றால் முதல் சுற்றில் நமக்குச் சிக்கியது காட்டிலுள்ளதில் கால் பங்குதான், மொத்தம் சுமார் 80 இருக்கும். ஒவ்வொரு புலியையும் உடல் வரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால்தான் பாதையின் இரண்டு பக்கமும் கேமரா கட்டுகிறார்கள். பார்க்காத புலியையும் கணக்கில் கொண்டுவரும் வித்தை இது.

புழுக்கையும் அப்படித்தான். எங்கே எவ்வளவு கிடக்கிறது என்பது மான் எங்கே மேய்கிறது என்பதைச் சொல்லும், மான் இருந்தால்தானே புலி. உண்ணிச்செடி என்ற களை மண்டிய இடத்தில் புல் அதிகம் வளராது, அங்கே உங்கள் கயிற்று எல்லைக்குள் எத்தனை புழுக்கை விழுகிறது என்று பாருங்கள். எந்தப் பகுதியில் களை எடுப்பது என்று வனத்துறை முடிவெடுக்க வேண்டியது இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான்.

நாங்குநேரிக்காரரான வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 78 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். அவை என்ன தின்கின்றன என்பதை அவற்றின் எச்சத்திலிருந்த மயிரையும் எலும்பையும் பார்த்தும் கண்டுபிடித்தார். பின்னாளில் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர், 2024-ல் காலமானார். அவர் அருவருப்புப்பட்டிருந்தால் செந்நாயைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

அப்புறம் வேலை. வீட்டில் பயப்படுவது நியாயம்தான். புலிகள் காப்பகங்களில் உயிரியலாளர் பணி பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் இளங்கலையில் விலங்கியல் படித்திருந்தால் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், ஆய்வுப் பக்கமும் போகலாம். பி.எட். எங்கேயும் ஓடிவிடாது, இந்தப் படிப்பை முடித்துவிட்டும் சேரலாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்களோடு வருகிற வேட்டைத் தடுப்புக் காவலர், அநேகமாகப் பழங்குடிக்காரராக இருப்பார், அவரிடம் பேசியிருக்கிறீர்களா? கடமான் புழுக்கைக்கும் புள்ளிமான் புழுக்கைக்கும் வித்தியாசம் கேளுங்கள். ஈரம் பார்த்து எத்தனை நாளானது என்று எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அதைக் குறித்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்.