இழுத்தால் நீளும் உலோகம் எப்போது அறும் என்று கணினியில் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது போல, இழுவைச் சோதனையில் 25 சதவீதம் நீண்டு அறுந்தது என்ற ஒரே எண்ணை மென்பொருளில் போட்டால் போதுமா என்றால், போதாது.

எனக்கு ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம். ஜெட்டியில் அறுந்த ஷாக்கிள் (கயிறு, சங்கிலி மாட்டும் இரும்பு வளையம்), போல்ட் எது கிடந்தாலும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது தொழில் வியாதி. பெரும்பாலும் துருவும் உலோகச் சோர்வும் தின்றவைதான். அவற்றுக்கு இந்தக் கணக்கு ஆகாது. எப்போதாவது இழுவலை கடலடிப் பாறையில் மாட்டி, வின்ச்சும் விடாமல் இழுத்து, நல்ல போல்ட் ஒன்று அறுந்திருக்கும். அதைப் பாருங்கள். அறுந்த இடம் சிறுத்திருக்கும். ஒரு பாதி கிண்ணம், மறுபாதி கூம்பு. நடுவில் மங்கிய சாம்பல் சொரசொரப்பு, விளிம்பில் ஏறத்தாழ 45 பாகைச் சரிவு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நடுப்பகுதி முழுக்கக் குழிகுழியாக இருக்கும்.

அந்தக் குழிகள்தான் விஷயமே. எஃகுக்குள் மாங்கனீஸ் சல்பைடு போன்ற துகள்கள் கிடக்கும். இழுக்க இழுக்க அவற்றைச் சுற்றித் துளை பிறந்து, வளர்ந்து, பக்கத்துத் துளையோடு சேரும். இது நடுவில் தொடங்கக் காரணம், சிறுத்த இடத்தின் மையத்தில் எல்லாத் திசையிலும் இழுவிசை இருப்பதுதான். மூன்று திசைத் தகைவுகளின் (பரப்பு அலகுக்கான விசை) சராசரியை வான் மீசஸ் தகைவால், அதாவது வடிவத்தைக் குலைக்கும் பங்கின் அளவால், வகுத்தால் வருவது ட்ரையாக்ஸியாலிட்டி. வழவழப்பான தண்டில், சிறுக்கும் முன், அது 1/3. ரைஸ், ட்ரேசி என்ற ஆய்வாளர்கள் 1969-ல் காட்டியபடி, துளை வளரும் வேகம் இதன் ஒன்றரை மடங்கின் அடுக்குக்குறியாக ஏறும். காடி (சுற்றிலும் பள்ளம்) வெட்டிய தண்டில் அது 1 ஆனால், அதே நீட்சிக்குத் துளை சுமார் 2.7 மடங்கு வேகமாக வளரும். உங்கள் 25 சதவீதம் அங்கே செல்லாது.

1977-ல் கர்சன் துளையின் பங்கையே நெகிழ்வு விதிக்குள் (உலோகம் எப்போது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்று சொல்லும் விதி) கொண்டுவந்தார். ட்வெர்கார்டும் நீடில்மனும் 1984-ல் துளைகள் சேரும் கட்டத்தைச் சேர்த்தார்கள். அருமையான கணித மாதிரிதான், ஆனால் சுத்தமான வெட்டுவிசையில் (கத்தரிபோல் எதிரெதிராக நகர்த்தும் விசை) பழைய கர்சன் கையை விரித்துவிடும்: துளை வளராது, ஆகவே அறாது என்பார். போல்ட்டோ வெட்டுப்பட்டும் அறுகிறதே! நாஷோன், ஹட்சின்சன் போன்றவர்கள் பிறகு போட்ட ஒட்டு இதற்காகத்தான்.

இன்னொரு தலைவலி மெஷ், அதாவது கணினியில் பாகத்தை எலிமெண்ட் என்ற சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை. துளை பெருகிப் பொருள் தளரத் தொடங்கியதும் நீட்சி முழுவதும் ஒரே வரிசை எலிமெண்ட்டில் குவிந்துவிடும்; மெஷ்ஷைப் பொடியாக்கினால் முன்னதாகவே அறும். அதனால் எலிமெண்ட் அளவையும் பொருளின் குணமாகவே வைத்து, சோதனையோடு ஒப்பிட்டு முடிவு செய்வார்கள்.

நடைமுறையில், வழவழப்பான தண்டு, இரண்டு வெவ்வேறு ஆரத்தில் காடி வெட்டிய தண்டுகள், வெட்டுவிசையில் அறுக்கும் ஒரு சோதனைத் துண்டு, இவற்றையாவது அதே எஃகில் சோதித்துவிட்டு கணித மாதிரியின் அளவுருக்களைப் பொருத்துங்கள். பிறகு பொருத்தலில் சேர்க்காத ஒரு வடிவத்தைக் கணித்துப் பாருங்கள். அது தேறினால்தான் உங்கள் உண்மையான பாகத்தைத் தொடலாம்.