மூன்று நாவலுக்கு 3,600 ரூபாயா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் காதல் கதையும் சரித்திரக் கதையும் விழுந்து விழுந்து படிக்கிறாள். விசுவாசத்தோடு ஒட்டிய நாவல்களாக வாங்கித் தர நினைக்கிறேன். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘ரிடீமிங் லவ்’ உட்பட மூன்று புத்தகங்களை அமெரிக்காவிலிருந்து தருவிப்பதாகவும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,600 ரூபாய் என்றும், பாதியை இப்போதே ஜிபே பண்ணச் சொல்லியும் கேட்கிறார். கட்டலாமா? எனக்குத் தமிழில் ஏதாவது உண்டா? — ஒரு வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. பணம் கிடக்கட்டும், அந்தப் பட்டியலே உங்கள் மகளின் வயதுக்குத் தலைகீழாக இருக்கிறது.

அவள் தொடங்க வேண்டியது ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979). வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போன இடத்தில் புருஷனைப் பறிகொடுத்த கர்ப்பிணி மார்ட்டி, தாயில்லாப் பிள்ளையை வைத்திருக்கும் கிளார்க்கைத் தங்க ஒரு கூரை வேண்டுமே என்று கட்டிக்கொள்கிறாள். அன்பு அதற்குப் பிறகுதான், மெதுவாக வருகிறது. ஆங்கிலம் எளிது. ஆனால் பேச்சுப் பகுதியெல்லாம் பட்டிக்காட்டு உச்சரிப்பிலேயே எழுதியிருக்கும். முதல் 20 பக்கம் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். இது எட்டுப் புத்தக வரிசை. ஒன்றை மட்டும் வாங்குங்கள். எட்டையும் கட்டி ‘செட்’ என்று தள்ளப் பார்ப்பார்கள்.

சரித்திரத்துக்கு ஃபிரான்சின் ரிவர்ஸின் ரோமாபுரி மூன்று பாகங்கள்: ‘எ வாய்ஸ் இன் தி விண்ட்’ (1993), ‘ஆன் எக்கோ இன் தி டார்க்னெஸ்’ (1994), ‘ஆஸ் ஷ்யூர் ஆஸ் தி டான்’ (1995). முதல் இரண்டும் கி.பி. 70இல் எருசலேம் விழுந்தபோது அடிமையாக விற்கப்பட்ட ஹதாசா என்ற பெண்ணின் கதை. இரண்டாம் பாகத்தைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் படித்தாலே முதல் பாகத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும். கடையில் தேங்கிக் கிடப்பது இரண்டாவதாக இருந்தால், ‘தனிக் கதைதான், தாராளமாகப் படிக்கலாம்’ என்பார்கள். நம்பாதீர்கள். வாள் சண்டை, ரத்தம் எல்லாம் உண்டு. பிளஸ் டூ முடித்தவளுக்குத் தாங்கும்.

‘பென்ஹர்’ (1880), ‘குவோ வாடிஸ்’ (1896) என்ற பழைய சரித்திர நாவல்கள் இரண்டுக்கும் காசே வேண்டாம். நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு போனால் காப்புரிமை தீர்ந்தது. பென்ஹர் எழுதிய லூ வாலஸ் 1905இல் இறந்தவர். புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதையே ஸ்கேன் பண்ணி, பிழை திருத்தாமல் அச்சடித்துப் பளபள அட்டை போட்டு விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள்: ‘குவோ வாடிஸ்’இல் ஓடிப்போகும் பேதுருவை ஆண்டவர் வழியில் சந்திக்கும் காட்சி வேதாகமத்தில் இல்லை, சபை ஏற்காமல் விட்ட பழைய நூல் (தள்ளுபடி ஆகமம்) ஒன்றிலிருந்து வந்தது.

இப்போது ‘ரிடீமிங் லவ்’. இதுவும் ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதியதுதான். வேதாகமத்தில் விபச்சாரியை மணந்த ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிபோர்னியா தங்கவேட்டைக் காலத்தில் வைத்து எழுதியது. சிறுமியாகவே விபச்சாரத்துக்கு விற்கப்பட்டவள் நாயகி. நல்ல நாவல்தான், ஆனால் நீங்கள் கூட இருந்து பேசத் தயார் என்றால் மட்டும் கொடுங்கள். இதில் எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. இது இரண்டு முறை வந்த புத்தகம். 1991இல் பேண்டம் நிறுவனம் பொதுச் சந்தைக்காகப் போட்டது ஒன்று. ஆசிரியரே அதைக் கிறிஸ்தவ வாசகர்களுக்காகத் திருத்தி, 1997இல் மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தது மற்றொன்று. பெயர் ஒன்று, ஆசிரியர் ஒருவர், கதையும் அதே கதை. பழைய புத்தகக் கடையிலோ இணையத்திலோ மலிவாக வருவது முதலாவதாக இருக்கலாம். அட்டையைப் பார்த்தால் தெரியாது. தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் காப்பிரைட் விவரத்தைப் பாருங்கள். 1991 மட்டும் இருந்து பேண்டம் என்றும் இருந்தால் வைத்துவிடுங்கள். 1997ம் மல்ட்னோமாவும் இருந்தால் எடுங்கள். 1991, 1997 இரண்டும் சேர்ந்து இருந்தாலும் திருத்திய பதிப்புதான், பயப்பட வேண்டாம். அந்தப் பக்கமே கிழிந்திருந்தால் பேரம் பேசாதீர்கள்.

வாட்ஸ்அப்காரருக்கு வருவோம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. இறக்குமதிக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்க வரி போட்டார்கள், அது வேறு கணக்கு. அந்த 18 சதவீதம் எந்த அரசாங்கத்துக்குப் போகிறது என்று அவரிடமே கேளுங்கள். பில் கேளுங்கள். காப்பிரைட் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ‘ஊழியத்துக்காகச் செய்கிறேன் சிஸ்டர்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இவர்களில் பலர் கொண்டுவருவது அமெரிக்கப் புத்தகமே இல்லை, இங்கேயே அடித்த திருட்டு அச்சு. மறுபக்க மை தெரியும் தாள், மங்கலான அட்டைப் படம், சாய்வாக வெட்டிய ஓரம், இதெல்லாம் அதன் முகம். பைண்டிங் பாரம் பாரமாக, அதாவது 16 பக்க மடிப்பு மடிப்பாகப் போவதால், ஒன்று விட்டுப்போனால் மொத்தமாக 16 பக்கம் போகும். வாங்கும்போதே பக்க எண்ணை விறுவிறுவென்று ஓட்டிப் பாருங்கள், கதை உச்சத்தில் இருக்கும்போது 208க்கு அடுத்து 225 வந்து நிற்கும்.

சபைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கமிட்டி உண்டு, துணைக் கமிட்டி உண்டு, அசன விருந்துக்குத் தனிக் கணக்கு உண்டு. இரவல் தர ஒரு புத்தக அலமாரி கிடையாது. அது இருந்தால் இந்த வியாபாரிக்கு உங்கள் குழுவில் என்ன வேலை? சிம்மக்கல் மைய நூலகத்திலோ தமுக்கம் புத்தகத் திருவிழாவிலோ தேடுவதானால் ‘கிறிஸ்தவ நாவல்’ என்று கேட்காதீர்கள், ஜெபப் புத்தகத்தை நீட்டுவார்கள். ஆசிரியர் பெயரை எழுதிக் கொண்டுபோங்கள்.

தமிழில் இந்த வகை பஞ்சம்தான். 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், ஆனால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கிறிஸ்தவக் கதை அல்ல. சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம், ஞானாம்பாள் என்ற கெட்டிக்காரிக்காகவே படிக்கலாம். அதற்கும் காப்புரிமை தீர்ந்துவிட்டது, மலிவுப் பதிப்பே போதும். வாங்கும்போது ‘சுருக்கப் பதிப்பு’ என்று அட்டை மூலையில் சின்னதாக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.