முரண்பாடு எது, வேறுபாடு எது? வாசகர் கேள்விகள்

வேறுபாட்டுக்கும் முரண்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒன்றுபோல் இல்லையென்றால் வேறுபாடு. ஒன்று உண்மையானால் மற்றது உண்மையாக முடியாது என்றால்தான் முரண்பாடு. அண்ணன் நெட்டை, தம்பி குட்டை: வேறுபாடு. ஒரே நேரத்தில் வீட்டிலும் இருந்தேன், கடையிலும் இருந்தேன் என்று சாட்சி சொன்னால் முரண்பாடு.

'முறண்பாடு' என்று எழுதலாமா?

கூடாது. இடையின ர. இதற்கு அகராதியைப் புரட்டினாலே போதும், கடிதம் தேவையில்லை.

'கணக்கில் முரண்பாடு உள்ளது' என்று அறிக்கையில் எழுதினேன். மேலாளர் திருத்தச் சொல்கிறார். ஏன்?

மேலாளர் சொல்வதுதான் சரி. எதற்கெடுத்தாலும் முரண்பாடு என்று எழுதும் பழக்கம் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஆவணத்தில் பெயர் ஓரெழுத்து மாறினால் முரண்பாடு, மூடி பாட்டிலுக்குச் சேராவிட்டால் முரண்பாடு, பாட்டும் தாளமும் விலகினால் அதுவும் முரண்பாடு. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கணக்கு உதைக்கிறது. பேச்சு எங்கேயோ இடிக்கிறது. பெயர் மாறியிருக்கிறது. மூடி பொருந்தவில்லை. தாளம் சேரவில்லை. ஒவ்வொன்றும் கோளாறு எந்த வகை என்று தானே சொல்லிவிடுகிறது. அறிக்கையில் 'உதைக்கிறது' என்று எழுதத் தயக்கமா, சரி, 'பேரேட்டுத் தொகையும் ரசீதுகளின் கூட்டுத்தொகையும் ஒத்துவரவில்லை, ஏறக்குறைய ஐந்நூறு குறைகிறது' என்று எழுதுங்கள். வெறுமனே 'முரண்பாடு' என்றால் படிப்பவர் எதைத் தேடுவார்? எதோடு எது ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

'விதியை முரண்படுகிறது' சரியா?

தவறு. விதியோடு முரண்படுகிறது, அல்லது விதிக்கு முரணானது. ஐ உருபு வேண்டுமென்றால் 'விதியை மீறுகிறது'.

நண்பரோடு இருப்பது கருத்து வேறுபாடா, முரண்பாடா?

பெரும்பாலும் வேறுபாடுதான்.

'மாடுகள் வந்தது' என்பதில் இருப்பது முரண்பாடா?

இலக்கணத்தில் அதற்கு வழு என்று பெயர். எழுவாய் பலவின்பால், பயனிலை ஒன்றன்பால், ஆகவே பால்வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என 7 வழுக்களை நன்னூல் சொல்கிறது. 'நேற்று வருவான்' காலவழு. பேச்சில் 'மாடுகள் வந்தது' என்று எல்லோரும்தான் சொல்கிறோம், எழுதும்போது 'வந்தன'.

முரண் என்றாலே குறைதானா?

இல்லை. செய்யுளில் அது அழகு. மோனை, எதுகை போல முரணும் ஒரு தொடை, அதாவது செய்யுளில் சொற்களைத் தொடுக்கும் முறை. எதிரெதிர்ச் சொல்லையோ பொருளையோ வேண்டுமென்றே அருகருகே தொடுப்பது.

அப்புறம், ஒற்றை வாக்கியத்தை அனுப்பி 'இது முரண்பாடா?' என்று கேட்டவருக்கு: எதோடு முரண்? இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.