பேன்டசி பேஸ்பால் டிராஃப்ட்: முதல் முறை ஆடுபவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ்): அலுவலக நண்பர்கள் 12 அணி லீக்கில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை டிராஃப்ட். கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது. எந்த வீரர்களைப் பற்றிப் படிக்க வேண்டும் அண்ணா?

பதில்: வீரர்கள் அப்புறம். பேன்டசி என்றால் நிஜ வீரர்களை வைத்து நீங்கள் அமைக்கும் கற்பனை அணி; டிராஃப்டில் முறை வைத்து அவர்களைத் தேர்ந்தெடுப்பீர்கள், நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்ப உங்களுக்குப் புள்ளி. முதலில் உங்கள் லீக்கின் விதிப் பக்கத்தைத் திறந்து, புள்ளி எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான லீக்குகளில் பேட்டிங்குக்கு ஐந்து, பிட்சிங்குக்கு ஐந்து என்று பத்துப் பிரிவுகள். பேட்டிங்கில் சராசரி, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரவழைத்த ரன்), ரன், ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). பிட்சிங்கில், அதாவது பந்து எறிவதில், வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக பிட்சர் பொறுப்பில் போன ரன்), விப் (ஒரு இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஹிட், வாக் மூலம் பேஸில் ஏறவிட்டவர்கள்).

ரோட்டோ முறை என்றால் சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. ஹெட் டு ஹெட் என்றால் வாரம் ஒரு எதிரணி. பாயின்ட்ஸ் லீக் என்றால் கணக்கே வேறு: பல லீக்குகளில் பேட்டர் ஸ்டிரைக்அவுட் ஆனால் புள்ளி கழியும், ஆட்டத்தைத் தொடங்கி அதிக இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டிங் பிட்சரின் மதிப்பு ஏறிவிடும். ஒரே வீரர் ஒரு லீக்கில் பொக்கிஷம், இன்னொன்றில் சுமார். விதி தெரியாமல் வீரர்களைப் படித்தால் அந்த உழைப்பு வீண்.

கேள்வி (சான் ஹோசே): முதல் சுற்றில் யாரை எடுக்கலாம்?

பதில்: தளத்தின் வீரர் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும் 12 பேரில், காயம் இல்லாத யாரை எடுத்தாலும் சரிதான். முதல் சுற்றை வைத்து லீக் ஜெயிப்பவர் குறைவு.

கேள்வி (எடிசன்): ஓட்டானி ஒரு ஆளா, இரண்டு ஆளா?

பதில்: அவர் பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்கிறவர், அதனால் உங்கள் லீக் நடக்கும் தளத்தைப் பொறுத்தது. யாஹூவில் பேட்டர் ஓட்டானி, பிட்சர் ஓட்டானி என்று இரண்டு தனி வீரர்கள். வேறு சில இடங்களில் ஒரே ஆள். அன்றைக்கு எந்த வேலைக்கு என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், விதிப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): பழைய கையேடு ஒன்றில் ஸ்டீல் அரிது, ஓடுபவரை முதலிலேயே எடு என்று இருக்கிறது. சரியா?

பதில்: 2023-க்கு முந்தைய கையேடு என்றால் மூடி வையுங்கள். அந்த ஆண்டு பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சர் ரன்னரைப் பிடிக்கத் திரும்பி எறிவதற்கும் வரம்பு வந்தது. 2022-இல் 2,486 ஸ்டீல்; 2023-இல் 3,503. ஸ்டீலுக்காக மட்டும் ஒருவரை முன்சுற்றில் எடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

கேள்வி (அட்லாண்டா): குளோசரை எந்தச் சுற்றில் எடுப்பது?

பதில்: முதல் ஐந்து சுற்றுகளில் வேண்டாம். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்கும் அந்த வேலை, மேனேஜர் மனசு வைக்கும்வரைதான். குளோசர் எட்வின் டியாஸை நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் வெற்றியைக் கொண்டாடும்போது முழங்கால் போய், சீசனே போனது. அதற்கு முன்பே டிராஃப்டை முடித்த லீக்குகளில் அவரை எடுத்தவர்களின் இடம் அப்படியே வீண். டிராஃப்டை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

மறுப்பு (சியாட்டில்): ஒத்துக்கொள்ள மாட்டேன். சேவும் பத்தில் ஒரு பிரிவுதானே? ஹோம் ரனுக்குச் செலவு செய்கிறோம், இதற்கு ஏன் கூடாது?

பதில்: ஹோம் ரன் அடிப்பவர் அதே அடியில் ரன்னும் ஆர்பிஐயும் தருகிறார். குளோசர் வருடத்துக்கு 60, 70 இன்னிங்ஸ்தான் வீசுகிறார். அவருடைய ஈஆர்ஏ எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் அணியின் ஈஆர்ஏ பெரிதாக அசையாது. கிடைப்பது பெரும்பாலும் ஒரே பிரிவு.

மறுப்பு (சியாட்டில்): 2024-இல் குளோசர் கிளாசே 47 சேவ், ஈஆர்ஏ 0.61. அவரை எடுத்தவர் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றால், சீசன் நடுவில் புதுக் குளோசர் வந்தால் அவரை எடுக்க 12 பேரும் அல்லவா பாய்கிறார்கள்?

பதில்: 2024 உண்மை. அதே கிளாசே 2025 ஜூலை கடைசியில் சூதாட்ட விசாரணையால் விடுப்பில் அனுப்பப்பட்டார், அந்த சீசனில் திரும்பவே இல்லை. அதே வாரம் இன்னொரு குளோசர் மேசன் மில்லர் சான் டியாகோ அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒன்பதாவது இன்னிங்ஸ் ஏற்கெனவே சுவாரெஸ் கையில் இருந்ததால், மில்லருக்கு சேவ் வாய்ப்பு அநேகமாக நின்றே போனது. மார்ச்சில் இதை யார் கணித்திருக்க முடியும்? ஆனால் எல்லோரும் பாய்கிறார்கள் என்பது நியாயமான வாதம். அதனால்தான் நடுச்சுற்றுகளில் வேலை உறுதியான ஒருவர், கடைசிச் சுற்றுகளில் இன்னொருவர் என்று சொல்கிறேன்.

குறுக்கீடு (சிகாகோ): சேவையே கைகழுவிவிட்டால்?

பதில்: ஹெட் டு ஹெட்டில் ஓடும். ரோட்டோவில் அந்தப் பிரிவில் 1 புள்ளியோடு தொடங்குகிறீர்கள். மீதி ஒன்பதில் ஈடுகட்ட வேண்டும். புதியவர் முயல வேண்டாம்.

கேள்வி (பாஸ்டன்): என்னுடையது முதல் பிக். யாரை எடுக்கட்டும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது பிக்கைப் பற்றி. ஸ்நேக் டிராஃப்டில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும். 12 அணி என்றால் உங்களுக்கு 1, பிறகு 24, 25. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு ஃபீல்டிங் இடத்துக்கும் வீரர்களை வரிசைப்படுத்தி, தரம் சட்டென்று இறங்கும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே செகண்ட் பேஸில் ஒருவர்தான் மிச்சம், அவுட்ஃபீல்டில் ஐந்து பேர் மிச்சம் என்றால், செகண்ட் பேஸ்காரரை இப்போதே எடுங்கள். மற்றவர்கள் ஒருவரைச் சராசரியாக எத்தனையாவதாக எடுக்கிறார்கள் என்ற பட்டியலை, நீங்கள் டிராஃப்ட் செய்யும் அதே தளத்தில் பாருங்கள். திரையில் மேலே தெரியும் பெயரைத்தான் ஆட்கள் அமுக்குகிறார்கள்.

கேள்வி (டெட்ராய்ட்): எங்கள் லீக்கில் ஏலம். பட்ஜெட் 260 டாலர் என்கிறார்கள், ஏன் இந்த விநோத எண்?

பதில்: நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980-இல் தொடங்கிய முதல் ரோட்டிசரி (ரோட்டோ) லீக்கின் வழியில் வந்த பழைய வழக்கம் அது. 23 வீரர்கள், 260 டாலர் என்பது இன்றும் தொடர்கிறது. புதியவருக்கு ஒரே எச்சரிக்கை: முதல் அரைமணியில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள்.

கேள்வி (டாம்பா): பரிசுப் பணத்துக்கு வரி உண்டா?

பதில்: என் துறை இல்லை. கணக்காளரைக் கேளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): டிராஃப்ட் நடுவில் இன்டர்நெட் போய்விட்டால்?

பதில்: தளம் தன் பட்டியலிலிருந்து தானாக எடுத்துவிடும், மாதக்கணக்கில் காயத்தில் இருப்பவரைக்கூட. முந்தின இரவே உங்கள் வரிசையைத் தளத்தில் ஏற்றி, காயக்காரர்களை நீக்கிச் சேமியுங்கள். பக்கத்தில் போனிலும் லாகின் செய்து வையுங்கள்.